நமது சிறுகதைகள்: சொல்ல வந்ததும் சொன்ன விதமும்

நமது சமூகத்தில் ஒரு சிறுகதைத் தொகுதி வெளிவந்தால் அதற்கு இரண்டு விதமான வரவேற்புக் கிடைக்கிறது. ஒன்று வெளியீட்டு விழா. முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை, நயவுரை என்று இரண்டரை மணித்தியாலம் போகும். மற்றையது விசாரணை. கதையின் உள்ளடக்கம் மார்க்கத்துக்கு உடன்பாடானதா, சமூகத்தை வெளியாருக்குக் காட்டிக் கொடுக்கிறதா என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது: கதை, கதையாக வந்திருக்கிறதா?

நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவன். வலய மட்டத்திலும் அதற்கு மேலும் நடக்கும் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் வருகிறவன். மாணவர் கதைகளோடு பெரியவர்கள் திறந்த பிரிவுக்கு அனுப்பும் கதைகளையும் கட்டுக்கட்டாக வாசித்திருக்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். பெயர் சொல்லி எவரையும் குறை காண்பது நோக்கமல்ல. கீழே வரும் பிழையான உதாரணங்கள் எல்லாம் பல கதைகளின் சாயலில் நானே எழுதியவை. அதுபோல, கிழக்கையும் தெற்கையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். மற்றப் பிரதேசங்களைப் பற்றி அந்த அந்த ஊர்க்காரர் எழுதுவதே முறை.

முன்னோர் வைத்துவிட்டுப் போனது

நமக்குக் கதை மரபு இல்லை என்று ஒரு பேச்சு இடைக்கிடை எழும். அது சரியல்ல. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் அஸன்பேயுடைய கதை, கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1885 இல் எழுதியது. 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. ஆனால் அந்த நாவலின் கதாநாயகன் எகிப்தில் பிறந்து பம்பாயில் வளர்கிறவன். கண்டி வீதியோ காலி வீதியோ அந்தக் கதைக்குள் இல்லை. வாசகருக்கு விறுவிறுப்பும் படிப்பினையும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் முந்திக்கொண்ட காலம் அது. அதைக் குறையாகச் சொல்ல ஏலாது.

நமது ஊர், நமது வளவு, நமது வாய்ப்பேச்சு கதைக்குள் வருவதற்கு அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பித்தன், அ. ஸ. அப்துல் ஸமது, மருதூர்க்கொத்தன் போன்றோர் கிழக்கிலிருந்து எழுதினார்கள். தெற்கிலிருந்து திக்குவல்லை கமால், எம். எச். எம். ஷம்ஸ் முதலானோர் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, தெற்கத்திய முஸ்லிம் எழுத்தாளர் பலருக்குக் களம் கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிறகு எஸ். எல். எம். ஹனீபாவின் மக்கத்துச் சால்வை 1992 இல் தொகுதியாக வந்தது.

ஆக, கையில் முதல் இருக்கிறது. ஆனால் இன்று புதிதாக எழுத வரும் பிள்ளையிடம், இவர்களில் யாரை வாசித்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. போன வருடப் போட்டியில் முதலிடம் பெற்ற கதையை வாசித்திருப்பார். அந்தக் கதையை எழுதியவரும் அதற்கு முந்தின வருடத்துக் கதையைத்தான் வாசித்திருப்பார். கிணற்றுத் தண்ணீரை அள்ளி அதே கிணற்றுக்குள் ஊற்றுவது மாதிரி இது நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தைத் திருத்துவதற்கு முதல் வழி வாசிப்புத்தான் என்று எல்லோரும் சொல்வோம். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு கதையை இரண்டாந்தரம் வாசிக்கும்போது கதையை விட்டுவிட்டு, அது எங்கே தொடங்கியது, எந்த விஷயத்தை எவ்வளவு நேரம் மறைத்து வைத்தது, யாருடைய கண்ணால் பார்த்தது என்று மட்டும் பாருங்கள். தச்சன் மகன் கதிரையில் இருப்பதற்கு முன்னர் அதைக் கவிழ்த்துப் பார்ப்பான். அந்தப் பார்வை வேண்டும்.

கேட்ட பேச்சும் எழுதிய பேச்சும்

போட்டிக்கு வரும் கதைகளில் முதலில் சறுக்குவது உரையாடல். அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, எல்லோரும் வானொலிச் செய்தி மாதிரிப் பேசுவது. ஓட்டமாவடியில் மீன் விற்கிறவரும் பேசுவார், அவருடைய ஐந்து வயது மகளும் பேசுவாள், பள்ளிவாசல் முஅத்தினும் பேசுவார். மூன்றும் ஒரே குரல். இப்படி ஒரு வசனத்தைப் பாருங்கள்:

"அன்புச் சகோதரியே, உன் கணவர் மத்திய கிழக்கு நாட்டுக்குச் சென்று ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அவரிடமிருந்து ஒரு மடல்கூட வரவில்லையே!"

இதில் மொழி செயற்கை என்பது முதற் பிழை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உள்ளே இருக்கிறது. தன் புருஷன் போய் ஐந்து வருடம் என்பது அந்தத் தங்கச்சிக்குத் தெரியாதா? ராத்தா ஏன் அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும்? உண்மையில் இங்கே ராத்தா பேசவில்லை. கதாசிரியர்தான் ராத்தாவின் வாயைக் கடன் வாங்கி வாசகரோடு பேசுகிறார். இதைப் பேச்சு வழக்குக்கு மாற்றிவிட்டால் மட்டும் சரிவராது. "தங்கச்சி, ஒண்ட புருஷன் சவூதிக்குப் போய் அஞ்சு வரிசமாகிட்டே" என்று எழுதினாலும் அதே பிழைதான். உடுப்பை மாற்றியிருக்கிறோம், ஆள் மாறவில்லை.

இனி இப்படி வைத்துப் பார்ப்போம்:

"புள்ளட வாப்பாட சேட்டெல்லாம் இன்னும் அலுமாரிக்குள்ளதான் கிடக்கா?"

"கிடக்கட்டும் ராத்தா."

"மறுகா பூச்சி அரிச்சிடும்."

"அதான் மாசத்துக்கு ஒருக்கா எடுத்துத் தோய்ச்சுப் போடுறன்."

எத்தனை வருடம் என்று சொல்லப்படவில்லை. கடிதம், தொலைபேசி எதுவும் சொல்லப்படவில்லை. உடுத்தாத சட்டையை மாதாமாதம் தோய்க்கிற ஒரு பெண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம். மிச்சத்தை வாசகர் தானே கணக்குப் பார்த்துக்கொள்வார். "புள்ளட வாப்பா" என்ற அந்த ஒரு சொல்லே, புருஷனின் பெயரை வாயால் சொல்லாத ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்து விடுகிறது. அதே பெண் கோபத்தில் "அந்த மனிசன்" என்று சொல்லத் தொடங்கும் இடம் கதையின் திருப்பமாகக்கூட அமையலாம். உறவுச்சொல் மாறும் இடத்தில் உறவும் மாறுகிறது. நமது பேச்சு மொழி கதாசிரியனுக்குக் கொடுக்கும் பெரிய கொடை இது. நாமோ அதை அள்ளாமல் விட்டுவிட்டு, சொல்லை எப்படிக் கொச்சையாக எழுத்துக்கூட்டுவது என்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறோம்.

இரண்டாம் வகை அங்கேதான் வருகிறது. ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடியே எழுதி, பக்கத்து ஊர்க்காரருக்கே விளங்காமல் செய்துவிடுவது. அறுபதுகளின் தொடக்கத்தில் பேச்சு வழக்கை இலக்கியத்தில் எழுதலாமா என்று இந்த நாட்டில் பெரிய மரபுப் போராட்டமே நடந்தது. அதில் பேச்சு வழக்கு வென்றது. நல்லதுதான். ஆனால் வென்ற பிறகு அதை எவ்வளவு, எங்கே பாவிப்பது என்ற கேள்வியை நாங்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை. திக்குவல்லைப் பக்கத்து "ஈக்கி"யும் கல்முனைப் பக்கத்து "கிறுகி"யும் ஒரு வரியில் ஒன்று வந்தாலே ஊர் வந்துவிடும். பத்துச் சொல்லையும் உடைத்து எழுதத் தேவையில்லை. ஊரின் மணம் சொல்லின் எழுத்துக்கூட்டலில் இருப்பதைவிட, வாக்கியம் எங்கே நிற்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் கூடுதலாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் தோப்பில் முஹம்மது மீரானை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பாடசாலையில் அவர் படித்தது மலையாளம். அப்படிப்பட்டவர்தான் 1988 இல் ஒரு கடலோர கிராமத்தின் கதை என்ற நாவலைக் கொண்டுவந்தார். சாய்வு நாற்காலிக்கு 1997 இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. தமிழைப் பாடமாகப் படித்துச் சிறப்புப் பட்டம் பெற்ற எங்களில் பலருக்கு வராத உரையாடல் அவருக்கு வந்தது எப்படி? அவரிடம் இருந்தது காது. எங்களிடம் இருப்பது நன்னூல். நன்னூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் படிப்பித்துத்தான் நான் சம்பளம் எடுக்கிறேன். கதை எழுத உட்காரும்போது மட்டும் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

சீதனக் கதையில் வீடு எங்கே?

போட்டிக்கு வரும் கதைகளில் மூன்றில் ஒன்று சீதனக் கதை என்று சொன்னால், நடுவராக இருந்த எவரும் ஆச்சரியப்படமாட்டார். அது தேய்ந்த விஷயம், அதை விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நடப்பது நின்றால்தானே எழுதுவதையும் நிறுத்தலாம். என் முறைப்பாடு வேறு. சீதனக் கதைகளில் சீதனம் இல்லை.

கிழக்கில் சீதனம் என்றால் முதலில் வீடு. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவில் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கோ குடிலுக்கோ போவது நாம் எல்லோரும் கண்டது. அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. வாப்பாவின் ஆயுள் அத்திவாரத்துக்கும் வளையிக்கும் ஓட்டுக்குமாகக் கரையும். உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனதும் பெரும்பாலும் இந்த வீட்டுக்காகவே. இது மற்ற ஊர்களிலிருந்து வேறுபட்ட ஒரு சமூக அமைப்பு. தாய்வழிக் குடி மரபோடு தொடர்புடையது. ஆய்வாளர்கள் கடல் கடந்து வந்து எழுதிவிட்டுப் போனார்கள். கதைக்குள் அது எவ்வளவு வந்திருக்கிறது?

வருவது இதுதான்:

"ஏழை மீனவனின் மகளான அவள் அழகும் அறிவும் ஒருங்கே அமையப்பெற்ற நங்கை. சீதனம் என்னும் கொடிய அரக்கன் அவளது வாழ்வில் விளையாடினான்."

இந்த இரண்டு வசனத்தையும் காத்தான்குடியிலும் எழுதலாம், காயல்பட்டினத்திலும் எழுதலாம், சினிமாவிலும் வைக்கலாம். எங்கும் பொருந்துகிற வசனம் எந்த இடத்துக்கும் சொந்தமில்லை. இதையே இப்படித் தொடங்கினால் என்ன?

"முன்வீட்டுக்கு ஓடு போட்டு முடிந்த அன்று வாப்பா தன் சாய்மனைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். குடிலின் வாசலுக்குள் அது கொள்ளவில்லை. இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமரத்துக்குக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்."

சீதனம் என்ற சொல்லே இதில் இல்லை. கொடுமை, அரக்கன், கண்ணீர் ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் அந்தக் கதிரை எங்கே போகும் என்று வாசகர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். மருமகன் அதே மாமரத்தைக் கடந்து முன்வீட்டுக்குள் போகும்போது என்ன செய்வார்? ஸலாம் சொல்லுவாரா, கதிரையைத் தூக்கி விறாந்தையில் வைப்பாரா, காணாத மாதிரிப் போவாரா? கதை இனி அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு தானாகப் போகும்.

ருசிய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1886 இல், கதை எழுதிக்கொண்டிருந்த தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலாக் காலத்து இரவைக் காட்ட நிலாவை வர்ணிக்கத் தேவையில்லை. அணைக்கட்டில் கிடக்கும் உடைந்த போத்தல் துண்டொன்று மின்னுவதைக் காட்டினால் போதும் என்பது அதன் சாரம். அதைத் தன் கதையொன்றிலும் பாவித்தார், பத்து வருடம் கழித்துக் கடற்பறவை நாடகத்திலும் ஒரு பாத்திரத்தின் பேச்சில் கொண்டுவந்தார். செக்கோவுக்குப் போத்தல் துண்டு. நமக்குச் சாய்மனைக் கதிரை, தறியில் பாதியில் நிற்கும் பாவு, கரைவலை வாடியில் காயும் கயிறு, கத்தம் ஓதிய வீட்டில் மிஞ்சிய சோற்றுச் சகன். மருதமுனையில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை, "நெசவாளியின் வாழ்வு நலிந்தது" என்று எழுதினால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எந்தக் கையால் நாடாவை எறிவார்கள், நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டு வாசித்ததை எழுதுகிறது.

மௌலவி, மரைக்கார், முதலாளி

நமது கதைகளில் மூன்று வில்லன்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள்: ஒரு மௌலவி, ஒரு பள்ளிவாசல் மரைக்கார் அல்லது டிரஸ்டி, ஒரு முதலாளி. மூன்று பேருக்கும் தொந்தி இருக்கும். மூன்று பேரும் வெற்றிலை சப்பிக்கொண்டு ஏழையை விரட்டுவார்கள். இதற்கு மறுபக்கமாக அண்மைக் காலத்தில் இன்னொரு அச்சு வந்திருக்கிறது. அதில் மௌலவி எப்போதும் நல்லவர், நவீன உடுப்பு உடுத்த பிள்ளை எப்போதும் கெட்டது. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகம். ஆளை முடிவுசெய்த பிறகு கதையைத் தொடங்கியிருக்கிறோம்.

நம்முடைய கோபத்துக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அநியாயம் செய்கிறவன் தன்னை அநியாயக்காரன் என்று நினைப்பதில்லை. அவனுக்கு ஒரு கணக்கு இருக்கும், ஒரு பயம் இருக்கும், வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் மகள் இருப்பாள். அந்தக் கணக்கைக் கதாசிரியர் அவன் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பார்த்தால் அவனை மன்னித்துவிட வேண்டும் என்றில்லை. வாசகர் தன் முகத்தையும் அவனில் ஒரு கணம் காண்பார். அதுதான் அவரைச் சுடும். தொந்தியும் வெற்றிலையும் எவரையும் சுடுவதில்லை.

இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் வைக்கம் முஹம்மது பஷீர். உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது என்ற அவருடைய மலையாளக் குறுநாவல் 1951 இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் உம்மா, தன் வாப்பாவுக்கு ஒரு கொம்பானை இருந்தது என்ற பெருமையை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறவர். வழக்குப் பேசிச் சொத்தெல்லாம் போய், சின்னக் குடிசைக்கு வந்த பிறகும் அந்த ஆனை அவரை விட்டுப் போவதில்லை. பழம்பெருமை, அறியாமை, மார்க்கத்தின் பேரால் வந்த மூட நம்பிக்கை எல்லாவற்றையும் பஷீர் கிண்டல் செய்கிறார். ஆனால் உம்மாவை எங்களால் வெறுக்க முடிகிறதா? சிரித்துக்கொண்டே கவலைப்படுகிறோம். எங்கள் வீட்டு மூத்தம்மா ஒருவரின் சாயல் அதில் தெரிகிறது. தன் சமூகத்தைக் கடுமையாக விமர்சித்த ஒருவர், அந்தச் சமூகத்தின் வீட்டுக்குள் இருந்தே அதைச் செய்தார். வீதியில் நின்று கல்லெறியவில்லை. சமூகத்தைக் காட்டிக் கொடுப்பது எது, திருத்துவது எது என்று மேடைகளில் நாம் நடத்தும் விவாதத்துக்கு, எழுத்தில் கிடைத்த பதில் அது.

முடிவு என்ற பொறி

அதே குறுநாவலின் முடிவையும் பார்க்க வேண்டும். கடைசியில், அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள்: அந்த ஆனை, மண்ணில் குழி பறித்துக் கிடக்கும் குழியானைப் பூச்சி. அவ்வளவுதான். பரம்பரைப் பெருமை முழுவதும் ஒரு பூச்சியளவுக்குச் சுருங்குகிறது. பஷீர் அதற்குப் பிறகு நின்று, "ஆகவே சகோதரர்களே, பழம்பெருமை பேசாதீர்கள்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பூச்சி செத்திருக்கும்.

தமிழில் கு. அழகிரிசாமியின் ராஜா வந்திருக்கிறார் கதையும் இப்படித்தான். பணக்கார வீட்டுப் பையன், தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை அடிக்கிறான். தீபாவளிக்கு வந்த ஜமீன் மருமகன் அந்த ராஜா. ஏழை வீட்டுச் சிறுமியோ, தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அநாதைப் பையனின் பெயர் ராஜா என்பதை வைத்து, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். அவளுக்கு அது வெறும் உண்மை. வாசகருக்கோ அது வேறொன்று. ஆசிரியர் விளக்கத்துக்கு வரவேயில்லை.

நமது கதைகளின் முடிவுகள் மூன்று வகை. ஒன்று மௌத்து. இரண்டு, கெட்டவர் ஒரே இரவில் தவ்பாச் செய்து திருந்துவது. மூன்று, ஆசிரியர் குத்பா ஓதுவது. இதில் மூன்றாவது வருவதற்கு எங்களைப் போன்ற ஆசிரியர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் வகுப்பில், இந்தக் கதை தரும் படிப்பினை யாது என்று கேட்கிறோம்; பிள்ளை எழுதும்போது அந்த விடையையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. போதனைக்கு மிம்பர் இருக்கிறது, அதற்குரிய கண்ணியமும் இருக்கிறது. கதை செய்கிற வேலை வேறு. ஜும்ஆவில் கேட்ட நல்ல விஷயத்துக்கும், வீட்டுக்கு வந்து தான் நடந்துகொண்ட விதத்துக்கும் இடையில் ஒரு மனிதன் தடுமாறுகிறானே, அந்த இடம்தான் கதையின் இடம்.

ஒரு சின்னப் பரீட்சை. எழுதி முடித்த கதையின் கடைசிப் பந்தியைக் கையால் மூடிக்கொண்டு வாசியுங்கள். கதை நிற்கிறதா? நின்றால் அந்தப் பந்தி தேவையில்லை. நிற்காவிட்டால், பிழை கடைசிப் பந்தியில் இல்லை; நடுவில் எங்கோ கதை காட்டாமல் விட்டதைக் கடைசியில் பேச்சால் நிரப்பப் பார்த்திருக்கிறீர்கள்.

பெரிய துயரை எழுதுவது

இவ்வளவும் ஏன் அவசியம் என்பதற்கு வருகிறேன். தொழில்நுட்பம், உத்தி என்று பேசினால், சோறில்லாதவனுக்குக் கரண்டியைப் பற்றிச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தது, அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதும் வெளியேற்றப்பட்டது, 2004 சுனாமி, அளுத்கமை, திகனை, கொவிட் காலத்தில் எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள் என்று சொல்ல எத்தனை இருக்கிறது. இதில் உத்தி என்ன வேண்டிக் கிடக்கிறது என்பார்கள்.

எனக்குத் தோன்றுவது இதற்கு மறுதலை. துயரம் பெரிதாகப் பெரிதாகக் கைவேலை கூடுதலாக வேண்டும். வெளியேற்றம் பற்றி வரும் கதைகளைப் பாருங்கள். பலவும் பாட்டனார் காலத்துத் தமிழ் - முஸ்லிம் உறவில் தொடங்கி, இயக்கங்களின் வரலாற்றைச் சொல்லி, கடைசி ஒன்றரைப் பக்கத்தில் சனத்தை லொறியில் ஏற்றிப் புத்தளத்தில் இறக்கும். முப்பது வருடத்தை ஆறு பக்கத்துக்குள் அடைத்தால் எவருடைய முகமும் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 ஆந் திகதி சனத்துக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். ஒரு சிறுகதைக்கு அந்த இரண்டு மணித்தியாலமே தாராளம். ஒரே ஒரு வீட்டை எடுங்கள். அடுப்பில் என்ன இருந்தது? கொண்டுபோக எதைக் கையில் எடுத்தார்கள், எதை எடுத்துத் திரும்ப வைத்தார்கள்? ஆடு மாட்டை அவிழ்த்து விட்டார்களா? வெளியே வந்து கதவைப் பூட்டினார்களா? பூட்டியிருந்தால் திறப்பு இப்போது யாரிடம்? பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் வேலியடிக்கு வந்தாளா, வர ஏலாமல் உள்ளே நின்றாளா? இந்தக் கேள்விகளுக்கு ஆவணங்களில் பதில் குறைவு. ஆணைக்குழு அறிக்கையில் தொகை இருக்கும், திகதி இருக்கும். திறப்பு இருக்காது.

அன்று முப்பது வயதில் அந்த வீட்டை விட்டு வெளியேறியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். இன்னும் கொஞ்சக் காலத்தில் கேட்பதற்கு ஆள் இருக்காது. கண்டவர்களிடம் போய் இருந்து, அவசரப்படாமல் கேட்டு, சின்னச் சின்ன விபரங்களைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வது ஆய்வாளரின் வேலை மட்டுமல்ல, கதாசிரியரின் வேலையும்தான். சொன்னவரின் சம்மதமில்லாமல் அவரை அடையாளம் தெரியும்படி எழுதாமல் இருப்பது அதன் அமானிதம். கேட்காமல் கற்பனையில் அழுதால் கதை முழுக்கக் கண்ணீர் இருக்கும், கண் இருக்காது.

திருத்தம்

கடைசியாக நடைமுறை விஷயம் சில. கதையை எழுதிய கையோடு முகநூலில் போடுவதும், அன்றிரவே ஐம்பது "மாஷா அல்லாஹ்" வருவதும் இன்று எழுத்தாளரைக் கெடுக்கிற முதற் காரியம். எழுதியதை ஒரு மாதமாவது மூடி வையுங்கள். எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். நாக்கு இடறுகிற இடத்தில் வசனமும் இடறியிருக்கும். உரையாடலை மட்டும், உம்மாவுக்கோ மாமிக்கோ வாசித்துக் காட்டுங்கள். "இப்பிடி ஆரும் கதைப்பாங்களா?" என்று அவர் கேட்டால், எந்தப் பேராசிரியரின் அணிந்துரையும் அதை ஈடுசெய்யாது. பெயரடைகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் பத்துக்கு மேல் இருந்தால் பாதியை வெட்டிப் பாருங்கள். அநேகமாக ஒன்றும் குறைந்திருக்காது.

அதோடு, நமது இலக்கிய வட்டங்களுக்கும் ஒரு கோரிக்கை. வருடத்துக்கு நாலு வெளியீட்டு விழா வைக்கிற ஊர்களில், ஒன்றைக் குறைத்துக்கொண்டு அந்த நாளில் அச்சுக்குப் போகாத கதை ஒன்றை நடுவில் வைத்து வாசிக்கலாம். ஆறேழு பேர் போதும். பொன்னாடை வேண்டாம், பிளேன்ரீ போதும். எழுதியவர் வாயைத் திறக்காமல் இருந்து கேட்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. கதை எந்தப் பந்தியில் சோர்ந்தது, எந்த ஆள் மனதில் நின்றார், எதை நம்ப முடியவில்லை என்று மற்றவர்கள் சொல்லட்டும். புத்தகமாக வந்த பிறகு சொல்லும் குறை பகையாகிறது. கையெழுத்தில் இருக்கும்போது சொன்னால் அது உதவி.